பிரதானியாரின் மண்மண்டை

வீரகேசரி மகாராஜாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. ஐயனார் கோயில் மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் தம்முடைய சிலையும் நிற்க வேண்டுமாம். ஊர்க் குயவர் மூக்க வேளார் மண்ணைத் திரித்துத் திரித்து அடுக்கி, மீசை முறுக்குவரை அச்சு அசலாகச் செய்து முடித்தார். சூளையில் சுடுவதுதான் பாக்கி.

மகாராஜா பார்க்க வந்தார். கூடவே தலைமை மந்திரியான பிரதானி அனந்தப்பர். அடுத்தவன் நல்ல பேர் வாங்கினால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்மண்டையில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மகாராஜா! தலைக்குள்ளே ஒன்றுமே இல்லை! தங்கள் மூளையைப் பற்றி ஊருக்குச் சொல்கிறான்!"

"சாமி, அது சூளைக்காக..." என்று இழுத்தார் வேளார்.

"பேசாதே!" மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெட்டுங்கள் இவன் கையை!"

அரண்மனையில் வாயாலேயே பிழைக்கிறவர் சிற்றம்பலம். அவரும் மகாராஜாவோடு வந்திருந்தார். மெல்ல நகர்ந்து வேளாரின் காதில் கேட்டார்.

"ஓட்டை இல்லாமல் கெட்டியாகச் செய்தால்?"

"சூளையிலே வெடிச்சிடும், சாமி."

"ரொம்ப நல்லது."

மகாராஜா பக்கம் திரும்பினார். "தண்டனை சரிதான், மகாராஜா. வெட்டுமுன் ஒரு வேலை வாங்கிக்கொள்வோம். மரியாதையான சிலை எப்படி இருக்கும் என்று ஊர் பார்க்க வேண்டாமா? பிரதானியாருக்கு ஒன்று செய்யட்டும். ஓட்டையே கூடாது. தலை நிறைய மண்."

பிரதானிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "இன்னும் மண் வை, இன்னும் வை" என்று பக்கத்திலேயே நின்று அடைக்கச் சொன்னார்.

இரண்டு சிலைக்கும் தனித்தனிச் சூளை மூட்டினார்கள். ஒன்றிலிருந்து 'டமார்' என்று சத்தம் வந்தது.

சூளை ஆறியதும் பிரித்தார்கள். மகாராஜா மீசையோடு முழுசாக நின்றார். பிரதானி கழுத்தோடு நின்றார்.

"பிரதானியின் தலை எங்கே?" என்றார் மகாராஜா.

"பாதி சாம்பலில் கிடக்கிறது. மீதியைத் தேடுகிறார்கள்" என்றார் சிற்றம்பலம். "சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகும், மகாராஜா. அது வெளியே போக வழி வேண்டும். தங்கள் தலைக்கு வேளார் வழி வைத்திருந்தார்."

மகாராஜா தம் பின்மண்டையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லவேளை, இந்தக் கையை வெட்டாமல் விட்டேன்!" என்று தம் தங்கக் காப்பைக் கழற்றி வேளார் கையில் போட்டார். "பாவம், பிரதானிக்கும் வேறொன்று செய்து கொடு."

எல்லாரும் கிளம்பினார்கள். பிரதானி மட்டும் பின்தங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேளாரிடம் குனிந்தார்.

"வேளாரே, எனக்கு ரெண்டு ஓட்டையா வெச்சிடும்."