ஆணியா, கயிறா

ஆவுடையப்பனுக்கு அந்தச் சந்தேகம் வந்து இருபத்து மூன்று நாளாகியிருந்தது. இணையத்துக்கான கேபிள் மோடத்தைச் சொந்தமாக வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா?

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஊரார் வரப்புத் தகராறுகளை ஒரே பகலில் தீர்த்துவைத்தவர். தன் காரியம் என்று வந்தால் மட்டும் ஒன்றும் ஓடாது.

மேக்கரையில் அவர் வீடு மலையை ஒட்டி இருந்தது. கைபேசியில் பேச்சே விட்டுவிட்டுத்தான் கேட்கும். படம் வரவே வராது. அயர்லாந்தில் இருக்கும் மகன் இன்பராஜ், நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசலாம் என்று செய்தி அனுப்பியிருந்தான். பேத்தியைக் காட்டுவானாம். அதற்குள் மூன்று ஞாயிறு போய்விட்டது. இன்று காலை இன்னொரு செய்தி வந்தது.

"விருப்பமில்லைன்னா பரவாயில்லப்பா. இனிமே தொந்தரவு பண்ணல."

அவர் செங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு மாடி வீட்டில் தியானம் சொல்லிக்கொடுக்கும் பவானி அம்மைதான் அவருக்கு குரு. அவரைவிட இருபது வயது சிறியவர்.

அம்மை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வகுப்பு இல்லையே?"

"மோடத்த வாங்கட்டுமா அம்மை, வாடகைக்கு எடுக்கட்டுமா?"

"வாங்குங்க."

ஆவுடையப்பனுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. ஒரு கணம்தான்.

"வாங்கினா கேபிள்கார பக்கீர் சுவத்துல ஓட்டை போட்டு ஆணி முடுக்கிருவாராம். பிறகு பையன் பேசுறத நிறுத்திட்டா, அது பாட்டுக்கு சுவத்துலயே இருக்குமே."

"அப்ப வாடகைக்கு எடுங்க."

"வாடகைப் பெட்டிக்கு ஆணி கிடையாதாம். திருப்பி எடுத்துட்டுப் போக வசதியா ஜன்னல் கம்பியில கயிறு போட்டுக் கட்டிருவாராம். பேசும்போது பையன் அதப் பாத்தான்னா? அப்பா நம்மள நம்பலன்னுதான நினைப்பான்?"

"சரி, வாங்குங்க."

"அம்மை விளையாடுதீங்க."

"நீங்க போற பக்கமெல்லாம் நானும் வாறேன். வேற என்ன செய்ய?"

அப்போதுதான் அவர் ஜன்னலைப் பார்த்தார். கம்பியில் ஒரு மோடம் சேலைக் கரைத் துணியால் கட்டப்பட்டுத் தொங்கியது. பச்சை விளக்குகள் மினுங்கின.

"அது வாடகையா?"

"ஆமா. ஒன்பது வருசமா."

"வாங்கியிருக்கலாமே அம்மை!"

"அடுத்த மாசம் இந்த ஊர விட்டுப் போயிருவோம்னு ஒவ்வொரு மாசமும் நினைச்சேன்."

"அப்ப வாங்குறதுதான் சரி."

"கீழ்வீட்டு டாக்டர் வாங்கினார். ஆணியெல்லாம் முடுக்கியாச்சு. மறுமாசமே மாற்றல். கழட்டி எடுத்துட்டுப் போனார். போன ஊர் கேபிளுக்கு அந்தப் பெட்டி சேரலையாம்."

"அப்ப வாடகை..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எந்த எல்லைக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருந்தது.

அம்மை அரிவாள்மணையைச் சாய்த்துவைத்தார்.

"பையன் கல்யாணத்துக்கு ஏன் போகல?"

ஆவுடையப்பன் அதை எதிர்பார்க்கவில்லை.

"போகக் கூடாதுன்னு இல்ல அம்மை. பொண்ணு வேற சாதி. சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. போவமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

"முடிஞ்சுதா?"

"கல்யாணமா? அது அன்னைக்கே முடிஞ்சிட்டே."

"யோசனை."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வியர்வை இல்லை. ஆனாலும் துடைத்தார்.

"வரமாட்டேன்னு நான் சொல்லவே இல்ல," என்றார்.

"அது பையனுக்குத் தெரியுமா?"

ஆவுடையப்பன் துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"போனைக் குடுங்க."

கொடுத்தார். அம்மை தன் இணைப்பின் கடவுச்சொல்லை அதில் அடித்தார். இன்பராஜ் பெயரைத் தேடி அழுத்தினார். பருப்பு டப்பாவில் சாய்த்து, அவர் முகத்துக்கு நேராக வைத்தார்.

"இன்னைக்கு சனிக்கிழமை அம்மை. அவன் ஞாயித்துக்கிழமைதான சொன்னான்..."

அழைப்பு மணி போய்க்கொண்டிருந்தது. திரையில் அவருடைய முகமே பெரிதாகத் தெரிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைச் சரிசெய்வதா, அப்படியே விடுவதா என்று கை கழுத்தருகே நின்றது.

"அம்மை, என்ன பேசன்னு நான் இன்னும் முடிவு பண்ணலயே!"

"அவரும் பண்ணியிருக்க மாட்டார்," என்று சொல்லிவிட்டு, அம்மை கொத்தவரங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.