ஸ்டெல்லாவை யார் பிடிப்பது?

அப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கோர்ட்டு வாசலில் கோலி சோடா விற்பார்கள். முற்றத்து வேப்பமரத்தில் சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கும்.

அங்கேதான் சவரிமுத்துத் தாத்தாவின் வழக்கு நடந்தது. பெற்றோரை இழந்த ஆறு வயது ஸ்டெல்லாவை, அம்மாவைப் பெற்றவரான அவர்தான் வளர்த்தார். பிள்ளை பெயருக்கு ஒரு தென்னந்தோப்பு வந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத பெரியப்பா அந்தோணி, அரிசி ஆலை முதலாளி, அவளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டு மனுப் போட்டார். தாத்தாவுக்கு இலவச சட்ட உதவியில் மங்களம் என்ற இளம் வக்கீல் வாதாடினார்.

“கம்பு ஊன்றி நடக்கிற மனுஷன்! பிள்ளை ரோட்டுக்கு ஓடினால் பிடிப்பாரா?” என்றார் அந்தோணி. “இப்போதே பிடித்துக் காட்டட்டும், வழக்கை விட்டுவிடுகிறேன்!”

மங்களம் பதறி எழுந்தார்.

“உட்காருங்கம்மா” என்ற தாத்தா, நீதிபதியைக் கும்பிட்டார். “சரிங்கய்யா. ஆனா முதலாளியே முதல்ல பிடிச்சுக் காட்டட்டும்.”

நீதிபதி சிரித்துக்கொண்டே எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்து வந்து, வெளிக்கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஓடு தாயி!” என்றார் தாத்தா.

ஸ்டெல்லா ஓடினாள். அந்தோணி துரத்தினார். மரத்தைச் சுற்றினார், சைக்கிள்களைச் சரித்தார், ஒரு செருப்பையும் தொலைத்தார். அவர் நெருங்க நெருங்க அவள் இன்னும் வேகமாக ஓடினாள். கடைசியில் மூச்சிரைக்க வந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

தாத்தா நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை. பேத்தியின் தலைமேல் கை வைத்தார்.

“பிடிச்சிட்டேங்கய்யா” என்றார்.