வியாழக்கிழமை அணைந்த புள்ளி

சொல்லிவிடுகிறேன், இது வென்றவர்கள் அழுத வழக்கின் கதை. கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள். பாதியில் எழுந்து போகக் கூடாது.

திருச்சியில் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் நடேசமணி. அவன் மனைவி கோமளவல்லி. ஒரே மகன் சேரன், பதினைந்து வயதில் கொள்ளிடத்தில் குளிக்கப் போய் மூழ்கிப்போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நடேசமணி அதே இடத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். ஊர்க்காரர்கள் இழுத்து வந்தார்கள். அன்று கோமளவல்லி சூடம் ஏற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"அந்தக் கரையில இனி கால் வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. உங்களையும் அந்த ஆத்துக்குக் கொடுக்க என்னால ஆகாது."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து அவன் சத்தியம் செய்தான். அதோடு அவள் விடவில்லை. வீட்டார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் செயலி ஒன்றை அவன் போனில் அவளே போட்டுவிட்டாள். சத்தியத்தை நம்பினாள். ஆனாலும் பயம் என்று ஒன்று இருக்கிறதே!

அந்தப் புள்ளி நாள் முழுக்க ஒழுங்காக ஊர் சுற்றும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மட்டும் அணைந்துவிடும். ஆறு மணிக்குத் தலை கலைந்து, கண் சிவந்து வீடு வருவான். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வேறு எவளோ என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. பாவி மனசு, அதற்கு எது சுலபமோ அதைத்தான் முதலில் நம்பும்.

இப்படி ஐந்து வருடம். ஒரு வெள்ளிக்கிழமை நடேசமணியின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. 'நீங்கள் வியாழன்தோறும் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் புதிய பிரியாணிக் கடை!' அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அணைத்து வைத்த நேரத்திலும் அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் அவன் போன இடத்தைக் குறித்து வைத்து விற்றிருக்கிறது. அவனைப் போல ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்து கூட்டு வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் மெஹருன்னிசா நடத்தினார். முதல் சாட்சி நடேசமணி.

எதிர்த்தரப்பு வக்கீல் நக்கலாகக் கேட்டார்: "யோக்கியமான மனுஷனுக்கு மறைக்க என்னய்யா இருக்கு?"

"மறைக்கிறது வேற, சொல்லாம இருக்கிறது வேற சார். நான் அணைச்சு வச்ச நேரம் என்னோடது" என்றான் நடேசமணி.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கோமளவல்லிக்கு, தன் மனசில் இருந்த கேள்வியையே அந்த வக்கீல் கேட்பது போல இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. நாலரை மணிக்குப் போன் போட்டாள். "இன்னிக்கு நேரா வீட்டுக்கு வாங்க. இல்லன்னா வரவே வேணாம்." அவன் ஐந்து மணிக்கே வந்துவிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. சனிக்கிழமை வேலையிடத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. திருட்டுத்தனமாக எடுத்த பதிவு எல்லாவற்றையும் நிறுவனம் அழிக்க வேண்டும். அழிக்கும் முன், கேட்பவர்களுக்கு அவரவர் பதிவின் நகலை முத்திரையிட்ட உறையில் தர வேண்டும். இறந்தவர் பதிவை மனைவி கேட்கலாம். கோமளவல்லி கேட்டாள்.

மெஹருன்னிசா உறையோடு வீட்டுக்கே வந்தார். "அம்மா, சட்டப்படி இது உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். 'ஜெயிச்சா என்னோடதை யாரும் பார்க்காம அழிச்சிடுங்க'ன்னு அவர் என்கிட்ட வாயால சொன்னார். எழுதிக் கொடுக்கல. அதுக்குள்ள போயிட்டார். இனி உங்க இஷ்டம்."

நடேசமணியின் அக்கா அடுப்பைக் காட்டினாள். "கோமளா, யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே என் தம்பி கோர்ட்டு ஏறினான்? போட்டுடு அதுல."

"அஞ்சு வருஷம் வெந்துட்டேன் அண்ணி. இனி முடியாது" என்று கோமளவல்லி உறையைக் கிழித்தாள்.

வியாழன், வியாழன், வியாழன். எல்லாவற்றிலும் ஒரே இடம். கொள்ளிடப் பாலத்தின் நடுப்பகுதி, நாற்பது நிமிடம். ஒரு நாள் கூடப் புள்ளி கரைக்கு இறங்கவில்லை. சத்தியம் செய்தவன் கரையில் கால் வைக்காமல், பாலத்தில் நின்றே மகனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வழக்கு நடந்தபோதும் நிறுவனம் நிறுத்தாத அந்தப் பதிவில், கடைசி வியாழன் மட்டும் புள்ளி பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் நிற்கிறது. மணி நாலரை. அங்கிருந்து அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

"ஐயோ, நான்தான் போக விடல!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது.

இப்போது சொல்லுங்கள். உறையைக் கொடுத்த வழக்கறிஞர், எரிக்கச் சொன்ன அக்கா, கிழித்துப் பார்த்த மனைவி, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அக்கா சொன்னதுதான் சரி. வழக்கறிஞர் சட்டத்தில் தவறவில்லை. ஆனால் வெந்துகொண்டிருப்பவள் கையில் உறையைக் கொடுத்துவிட்டு 'உங்கள் இஷ்டம்' என்றால் அவள் வேறென்ன செய்வாள்? கோமளவல்லிக்குக் கேட்கும் உரிமை இருந்தது, அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது. பாலத்தில் நிற்கிறான் என்று தெரிந்தால் அவள் நடுங்கிப்போவாள் என்றுதான் அவன் புள்ளியை அணைத்தான். அவன் காத்தது அவள் நிம்மதியை. அந்த உறை எரிந்திருந்தால் சந்தேகம் மிஞ்சியிருக்கும்தான், ஆனால் சந்தேகத்தோடு வாழ அவளுக்குப் பழக்கம் இருந்தது, இதோடு வாழத்தான் இல்லை. இப்போதெல்லாம் வியாழன்தோறும் பாலத்துக்கு அவள் போகிறாள். போனில் தன் புள்ளியை அவள் அணைப்பதே இல்லை. வீட்டிலிருந்து அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.