மகுடபதியின் திருத்தம்

ஈரோட்டில் சேர்ந்து படம் வரையும் இளவட்டங்களுக்கு மகுடபதிதான் தலைவர். அவராகவே எடுத்துக்கொண்ட பதவி அது. கண்காட்சி நெருங்கினால் நண்பர்களின் படங்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வெள்ளையடிச்சுட்டு முதல்ல இருந்து வரை."

அவர்களும் நம்பி அடித்துவிடுவார்கள். கடைசியில் சுவரில் அவர் படம் மட்டும் தொங்கும்.

இந்த முறை புதிதாகச் சேர்ந்த கொடிமலரின் ஆட்டுச்சந்தைப் படத்துக்கும் அதே தீர்ப்பு. விடிந்தால் கண்காட்சி.

"சரிங்ணா" என்றவள், தன் படத்தை ஒளித்துவைத்துவிட்டு வேறொரு கான்வாஸில் வெள்ளையடித்தாள்.

மறுநாள் மகுடபதியின் 'அடைகாக்கும் மயில்' படத்துக்குப் பக்கத்தில் எல்லோருடைய வெள்ளைக் கான்வாஸ்களும் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் 'திருத்தம்: மகுடபதி' என்று சீட்டு.

"இதெல்லாம் என்னம்மா?" என்றார் திறந்துவைக்க வந்த பெரியவர்.

"நண்பர்ங்கிற முறையில அண்ணன் சொன்ன திருத்தமுங்க. அப்படியே பண்ணிட்டோம்" என்றாள் கொடிமலர்.

மகுடபதியின் முகமும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. பெரியவர் மயிலை உற்றுப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இத்தனை பெரிய தோகை வச்ச ஆண் மயில் எங்கயாவது அடைகாக்குமா? உங்களுக்கு யாரும் திருத்தம் சொல்லலையா?"

கொடிமலர் முந்திக்கொண்டாள்.

"யாருங்க சொல்றது? அண்ணனுக்குத்தான் நண்பர்களே இல்லீங்களே!"