பவுன்தாய் பறித்த பந்தம்

தீர்ப்புச் சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் இதைப் படியுங்கள். 'அவரவர்க்கு அவரவர் நியாயம்' என்று கடைசியில் நழுவப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது.

மேற்கு மலை முகட்டில் முள்ளிமேடு என்றொரு ஊர். நாற்பது வீடு. ஊருக்குக் கீழே சரிவு முழுக்க ஆளுயரப் புல். மாசி பிறந்தால் அது காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும். யாரோ அணைக்காமல் வீசிய ஒரு பீடி போதும். தீயணைப்பு வண்டி ஏறிவரும் அளவுக்குப் பாதை அகலம் கிடையாது. அதனால் ஊர்க்காரர்கள் ஏழு பேர் தாங்களாகவே தீக்காவல் குழு என்று சேர்ந்திருந்தார்கள். சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. பச்சைத் தழையும் அரிவாளும்தான் ஆயுதம். கால் வெந்து தழும்பு ஏறாதவர் அந்த ஏழு பேரில் யாருமில்லை.

தழையால் அடித்து அணைக்க முடியாத தீ வந்தால் ஒரே வழிதான் உண்டு. ஊருக்குக் கீழே புல்லைச் செதுக்கி, வண்டித்தட அகலத்துக்கு வெறும் மண்ணாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் கீழ் விளிம்பில் பந்தத்தால் அவர்களே தீ வைப்பார்கள். அதற்கு எதிர்த்தீ என்று பெயர். பெருந்தீ ஏறி வருவதற்குள் எதிர்த்தீ நடுவிலுள்ள புல்லைத் தின்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊர் மிஞ்சாது.

பந்தத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கோட்டுக்குக் கீழே யாராவது மாட்டிக்கொண்டால், அவருடைய சொந்தக்காரர் கையில் பந்தம் இருக்கக் கூடாது. உறவில்லாத ஒருவரிடம் மாற்றிவிட வேண்டும். சொந்தக் கை தயங்கும் என்று தெரிந்து வைத்த கட்டுப்பாடு அது.

ஒரு பங்குனி நண்பகலில் சரிவின் அடிவாரத்தில் தீப்பிடித்தது. பந்தம் குழுத்தலைவர் காசிமாயன் கையில் இருந்தது. அவருடைய தங்கை பவுன்தாயும், அவள் புருஷன் ஒச்சப்பனும் குழுவில் இருந்தார்கள். மற்றவர்களும் அவர்களுக்கு மாமன் மச்சான்தான். பால்வண்டி ஓட்டிப் பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட குணசீலன் ஒருவன் மட்டும் உறவில்லாதவன்.

கீழே புல்லுக்குள் ஓர் அலறல் கேட்டது. வெளியூர்ப் புல்லறுப்பவன் ஒருவன் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது என்பது குழுவின் விதி. ஒச்சப்பன் தழையைக் கீழே போட்டான்.

"மச்சான், நான் ஏறி வர்ற வரைக்கும் தீய வச்சிராதீக. சத்தியம் பண்ணுங்க."

காசிமாயன் அவன் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார். "வெரசா வா மாப்ள."

ஒச்சப்பன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. தீ மேல்நோக்கி ஓட ஆரம்பித்தது. புகைக்குள்ளிருந்து புல்லறுப்பவன் மட்டும் தவழ்ந்து வந்து கோட்டில் விழுந்தான். "அவரு என்னய மேல தள்ளிவிட்டாருங்க. அவரு காலு பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றான். இரண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள். அனல் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

காசிமாயன் பந்தத்தை நீட்டினார். "குணா, கட்டுப்பாட்டுப்படி நீதான்யா வைக்கணும்."

குணசீலன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "என்னால ஆகாதுண்ணே. நாளைக்குப் பவுன்தாய் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மற்றவர்கள் எல்லாரும் சொந்தம், பந்தத்தைத் தொடக் கூடாது. "நான் சத்தியம் பண்ணிட்டேன்" என்று காசிமாயன் முனகினார். பந்தம் அவர் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

பவுன்தாய் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வீடு. தொட்டிலில் பிள்ளைகள் இருந்தார்கள். எழுந்து நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். கீழே பார்த்து, "ஏங்க! வந்துருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது அவன் குரலா, அனலில் பாறை வெடித்ததா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"குடுண்ணே."

"வேணாம் தாயி."

அவள் பறித்தாள். பறித்த வேகத்தில் பந்தம் மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்துப் புல்லில் வைத்தாள்.

ஊரில் ஒரு கூரைகூடக் கருகவில்லை. ஒச்சப்பனை மறுநாள் பாறையடியில் கண்டெடுத்தார்கள். அவனை எடுத்தது எந்தத் தீ என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் அந்தக் குழுவுக்குப் பாராட்டு விழா என்று அரசாங்கத்திடமிருந்து தகவல் வந்தது. ஒரே ஒரு பதக்கம். யார் பெயரில் என்று ஊரே எழுதிக் கொடுக்கலாம். ஊர்க்கூட்டத்தில் சிலர் ஒச்சப்பன் என்றார்கள். சிலர், வாக்குத் தவறாத காசிமாயன் என்றார்கள். பவுன்தாயின் பெயரை யாரும் எடுக்கவில்லை. "கட்டுனவன் மேல தீய வச்சவளுக்குப் பதக்கம் ஒரு கேடா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அது அவள் காதில் விழட்டும் என்றே சொன்ன குரல். அவளுக்குப் பதக்கம் வேண்டாம். நீ செய்தது பாவமில்லை என்று ஊர் ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்காவது அவளுக்குச் சோறு இறங்கும்.

இப்போது சொல்லுங்கள். ஓர் உயிருக்காகக் கோட்டைத் தாண்டியவன், கொடுத்த வாக்கைக் காத்தவர், பந்தத்தைப் பறித்தவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒச்சப்பனின் மனசு பெரிது. ஆனால் போகும்போது, ஊரைக் காக்க வேண்டிய கையைச் சத்தியத்தால் கட்டிவிட்டுப் போனான். காசிமாயன் கொடுத்த வாக்கு அவருடையதல்ல. பந்தம் ஊருடையது, அதை அடகு வைக்க அவருக்கு உரிமை கிடையாது. கட்டுப்பாடு கைகாட்டிய குணசீலனோ தன் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டான். வேறு யார் வைத்திருந்தாலும் அடுத்தவள் வாழ்வை எடுத்து ஊருக்குக் கொடுத்திருப்பார்கள். பவுன்தாய் தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் செய்ததே சரி. ஊர் என்னவோ ஒச்சப்பன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தது. செத்தவனைப் பாராட்டினால் யாருக்கும் உறுத்தாது. விழா நடந்துகொண்டிருக்கும்போதே வடசரிவில் புகை எழுந்தது. கூட்டம் அலறியடித்துக்கொண்டு விலகி வழிவிட, முதல் ஆளாக ஓடியது பவுன்தாய். அப்போது மட்டும் அவளைப் பாவி என்று சொல்ல அங்கே ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.