கணக்கிடப்படும் பந்தி

பாளையங்கோட்டையில் கணினித் திரைகளுக்கு நிரல் எழுதிப் பிழைத்த மூவர் இருந்தனர். மூத்தவன் திருமேனி. நிறையப் படித்தவள் கோமளவல்லி. கல்யாணம் ஆகவிருந்தவன் ஆவுடையப்பன். எழுதிவைத்த விதியை மூவருமே மீற மாட்டார்கள்.

ஆவுடையப்பன் தன் கல்யாணப் பந்திக்குத் தானே ஒரு திரை செய்தான். வரிசையில் ஆள் வந்து நின்றால், எத்தனை இலைக்குப் பரிமாறலாம் என்று அது சமையற்கட்டைக் கேட்கும். பதில் வர ஒரு நிமிடம் ஆகும். அதுவரை ‘கணக்கிடப்படுகிறது’ என்று காட்டும். வரிசை மாறினால் பழைய கேள்வியைக் கைவிட்டுப் புதிதாகக் கேட்கும். இந்தக் கடைசி விதியைக் கோமளவல்லி புத்தகத்தில் படித்திருந்தாள். ஆகவே அது சரி.

மாமனார் சுடலைமுத்து விதித்தது ஒரே நிபந்தனை. “மாப்பிள்ளை, என் சனம் பசியோட திரும்பிச்சுன்னா என் மக வடிவும் அவங்களோட திரும்பிருவா.”

தாலி ஏறியது. பந்திக்கு வரிசை நின்றது. அரை நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர, ஒவ்வொரு வருகைக்கும் திரை பழைய கேள்வியைக் கைவிட்டது. ஒரு மணி நேரம் கணக்கிட்டது. உள்ளே இருநூறு இலைகளில் அப்பளம் நமுத்துக்கொண்டிருந்தது.

மூவரும் கூடி ஆலோசித்தனர்.

“திரையில தப்பே இல்ல,” என்றாள் கோமளவல்லி.

“சனம் வாரதுலதான் தப்பு,” என்றான் திருமேனி.

“கூப்பிட்டிருக்கவே கூடாதோ?” என்று ஆவுடையப்பன் கலங்கினான்.

வாசற்கதவைப் பூட்டினார்கள். ஒரே நிமிடத்தில் திரையில் ‘200’ வந்தது. கூட்டம் பாய்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் வரிசை குறைந்தது. குறைந்தாலும் மாற்றம் மாற்றம்தானே? திரை மறுபடி கணக்கிடத் தொடங்கியது.

“எல்லாரும் எந்திரிங்க! அந்த எண் இப்பச் செல்லாது!” என்று மாப்பிள்ளையே கத்தினான்.

“அப்பளத்தைக் கடிச்சுட்டேனேய்யா!”

“கடிச்சதை வச்சுட்டு எந்திரிங்க, பெரியப்பா.”

எழுந்தவர்கள் வரிசைக்குத் திரும்பினார்கள். வரிசை மறுபடி மாறியது.

சமையல் மாஸ்டர் பொன்னையா கரண்டியோடு வந்தார். “ஏல, புது எண் வார வரைக்கும் பழைய எண்ணைக் காட்டித் தொலைங்களேன்ல!”

அருமையான யோசனை என்று மூவரும் ஒப்புக்கொண்டனர்.

“இருநூறைப் போடவா?” என்றான் ஆவுடையப்பன்.

“அது வந்து பத்து நிமிஷந்தான் ஆச்சு. அது எப்படிப் பழசாகும்?” என்றாள் கோமளவல்லி. “நேத்து சோதனை பண்ணினோமே, அதுதான் பழசு.”

முந்தின நாள் சோதனைக்கு ஆவுடையப்பன் மட்டுமே வரிசையில் நின்றிருந்தான். அன்று வந்த ‘1’ஐ இப்போது திரையில் போட்டார்கள்.

“அந்த ஒண்ணு நீதாம்ல,” என்றான் திருமேனி. “உன் இடத்துல இன்னொருத்தர் உக்காந்தா கணக்குப் பொய்யாயிரும்.”

நானூறு பேர் நின்று பார்க்க, ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். எண்ணின் மரியாதை கருதி ரசம் இரண்டு முறை வாங்கினான். பாயசம் வரைக்கும் பொறுத்த சுடலைமுத்து, சனத்தையும் வடிவையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றே ஆவுடையப்பன் அந்தத் திரையைத் தன் வீட்டு வாசலில் மாட்டினான். யாராவது கதவைத் தட்டினால், வந்தது வடிவா என்று அது கணக்கிடும், ஆமென்றால் திறக்கலாம்.

மூன்றாம் நாள், கோபம் ஆறிய வடிவு பெட்டியோடு தானாகவே வந்து கதவைத் தட்டினாள்.

“கணக்கிடப்படுகிறது,” என்று உள்ளிருந்து வாசித்தான் ஆவுடையப்பன்.

“நான்தாங்க, வடிவு! குரல் தெரியலையா?” மறுபடி தட்டினாள்.

“நல்லாத் தெரியுது வடிவு. நீ மட்டும் தட்டாம இரு. தட்டத் தட்ட அது முதல்லேருந்து கேக்குது!”