நானூறு பேர் கைதட்டிய பாட்டு

"பாட்டு செத்துப்போச்சு மேடம்" என்றார் இயக்குநர் தயாளன்.

எடிட்டர் ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. "எந்தப் பாட்டு?"

"கடைசிப் பாட்டுதான். வேற எது?"

ஒன்பது வருஷம் மேடையில் ஓடிய இசை நாடகம் அது. திருநங்கையான செந்தாமரை, தன்னைத் துரத்திவிட்ட வீட்டுக்குத் தங்கையின் கல்யாணத்தன்று திரும்பி வருகிறாள். "உள்ளே வரலாமா?" என்று வாசலில் நின்று பாடுகிறாள். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து கைதட்டி "வா, வா" என்று பாடும்.

திருச்சியில் ஒரு மனிதர் நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். தான் துரத்திய பிள்ளையை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அவரை நினைத்துத்தான் தயாளன் இதைப் படமாக எடுத்ததே. நாடகம் போகாத ஊருக்கும் படம் போகுமில்லையா?

படத்தில் எடுபடவில்லை என்று இப்போது தயாரிப்பாளர் அந்தப் பாட்டையே தூக்கிவிடச் சொல்லிவிட்டார். நாளைவரைதான் கெடு.

மேடையில் தயாளன் பத்துப் பேருக்கு வாத்தியார். இந்த எடிட்டிங் அறையில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் ஒரு மாதமாகப் பாடம் கேட்கிறார். மனுஷனுக்கு அதில் கொஞ்சமும் வெட்கமில்லை. நல்ல குணம்தான்.

"பார்ப்போம்" என்று ரெஜினா பாட்டை ஓடவிட்டார்.

செந்தாமரை பாடினாள். கல்யாண வீடு மொத்தமும் எழுந்து கைதட்டியது. அம்மா தட்டினாள். மாப்பிள்ளை தட்டினான். சமையல்காரர் கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

"யார் சார் இவங்க எல்லாம்?"

"துணை நடிகர்கள். நானூறு பேர். அரங்கத்துல ஜனங்க செஞ்சதை அப்படியே செய்ய வெச்சேன். ஒரு வாரம் ஒத்திகை. ஒருத்தர்கூட தாளம் தப்பல, பாருங்க."

"நல்லாத்தான் தட்டுறாங்க."

"அப்புறம் ஏன் மேடம் எனக்கு ஒண்ணுமே ஆகல?"

ரெஜினா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். நானூறு பேரையும் வெட்டி எடுத்தார். மாப்பிள்ளை போனான். சமையல்காரர் கரண்டியோடு போனார்.

"மேடம், அம்மாவையாவது விட்டுவைங்க!"

அம்மாவும் போனாள்.

பிறகு, வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டினார். படப்பிடிப்பில் கூட்டம் கைதட்டத் தாமதித்தபோது, கேமரா செந்தாமரையின் முகத்திலேயே நின்றுவிட்ட துண்டு அது.

"இப்பப் பாருங்க சார்."

"உள்ளே வரலாமா?" என்றாள் செந்தாமரை. பாட்டு நின்றது.

அவள் காத்திருந்தாள். கையில் தங்கைக்கு வாங்கிய புடவைப் பை. உதட்டுக்கு மேல் வேர்வை. முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பிறகு பையைக் கை மாற்றிக்கொண்டாள். ஐந்து நொடி. பத்து நொடி. யாரும் "வா" என்று சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்தில் அவள் இப்படி நின்று தயாளன் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தாங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்ன மேடம் இது? அந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம்தான் வாசல்லயே நிக்க வெப்பீங்க?"

ரெஜினா அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"அதை ஏன் சார் என்கிட்ட கேக்குறீங்க?"